நாலாவது துவாய்

இந்த நாட்டில் ‘பிரைவேட் டூர்’ என்று ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர் தாராளமாக இருக்கக்கூடிய ஒரு வாகனம் விடிய முதலே வீட்டு வாசலில் வந்து நிற்கும். சாரதி இறங்கி வந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கைகொடுப்பார். பிறகு மூன்றே மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அவ்வளவு பெரிய வாகனம் புறப்பட்டுவிடும். ஊரில் கதிர்காமத்துக்கு வாகனம் பிடித்த நாட்களை நினைத்துப் பாருங்கள். எட்டுப் பேருக்கான இடத்தில் பதினைந்து பேர் இருப்போம். மடியில் பிள்ளைகள், காலடியில் கட்டுச்சோற்றுச் சட்டி, பின்கதவோடு முட்டிக்கொண்டு ஒரு வாளி. போகிற வழியில் தெரிந்தவர் ஒருவர் கை காட்டினால் அவரையும் ஏற்றாமல் போனதில்லை. அன்று காலை மெல்பேர்ணில் என் மகளின் வீட்டு வாசலில் அந்த வாகனத்துக்குள் ஏறிய மச்சாள், வெறுமையாகக் கிடந்த இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இவ்வளவு இடம் சும்மா கிடக்குது. ஆரையும் ஏத்திக்கொண்டு போகலாமே, ரஞ்சி?” என்றார்.

மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி. திருகோணமலையில் உப்புவெளியில் இருக்கிறார். மூன்று மாத விசிட்டர் விசாவில் என்னோடு வந்து நிற்கிறார். நான் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் குடியிருப்பவள். பிளாக்டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. மகள் ஆரணி மெல்பேர்ணில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க நாங்கள் இருவரும் வந்திருந்தபோது, மாமிக்கு ஒரு பரிசாக அவளே ஒழுங்குசெய்த பயணம் இது. பழைய எரிமலைகளைப் பார்த்துக்கொண்டு மேற்கே கடற்கரைவரை போய், மாலையில் ஒரு ஸ்பாவில் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்புவது. “மாத்துடுப்பு ஒண்டு எடுங்கோ மாமி,” என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். ஸ்பா என்றதும் எனக்கு மெழுகுதிரியும் வாசனை எண்ணெயும்தான் நினைவுக்கு வந்தன. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

சாரதியும் வழிகாட்டியும் ஒரே ஆள்தான். பெயர் கிரெக். உயர்தரப் பாடசாலையில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவராம். புறப்பட முதல் அவர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலு பேர் என்றல்லவா பதிவாகியிருக்கிறது? இன்னொருவர் வர வேண்டுமா?” என்று கேட்டார். குறைந்தது நாலு பேருக்குப் பதிந்தால்தான் அந்தக் கம்பனி வாகனம் அனுப்பும், அதனால்தான் நாலு, வருவது மூன்று பேர்தான் என்று ஆரணி ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் சிரித்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினார். மச்சாளுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் இலக்கங்கள் எல்லாம் தெரியும். “நாலோ?” என்று என்னைக் கேட்டார். “அது சும்மா ஒரு கணக்கு மச்சாள்,” என்று சொன்னேன். அவர் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது. திருகோணமலையில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மச்சாளைக் கலியாணம் செய்து இரண்டு வருடம் ஆகியிருக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, ஆமிக்காரர் சுற்றிவளைப்பு என்று எங்கள் பகுதி ஆண்கள் எல்லோரையும் பாடசாலை மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். போனார். மாலையில் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு மச்சாள் ஏறாத முகாம் இல்லை, கும்பிடாத அதிகாரி இல்லை. இப்போதும் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் குந்தியிருக்கும் பெண்களில் அவரும் ஒருவர். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று சொல்லி வந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பினார். பெரிய குங்குமப் பொட்டும் தாலிக்கொடியுமாகத்தான் சிட்னி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அம்மா சாகும்வரை, “அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வம், அவன்ரை ஆத்மா அலையும்,” என்று அழுது கேட்டார். மச்சாள் மசியவே இல்லை. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு ஆரும் கடன் கழிப்பினமோ என்று ஒரே கேள்வி.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. மச்சாள் முன்னால் அண்ணாவைப் பற்றிப் பேசும்போது ‘இருந்தார்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இருக்கிறார்’ என்றுதான் சொல்வோம். தொலைபேசியில் பேசிய காலத்தில் அது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் என் வீட்டுக்கு வந்து தங்கிய பிறகுதான் அண்ணாவும் கூடவே வந்து தங்கிவிட்டார் என்று விளங்கியது. “உங்கண்ணருக்கு இந்தக் குளிர் ஒத்துவராது, உடன தடிமன் பிடிச்சிடும்,” என்பார். “உங்கண்ணர் கத்தரிக்காயைத் தொடமாட்டார்,” என்பார். இந்த நாட்டில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் நாங்கள் எடுப்பதில்லை. இணையத் தொடர்பு துண்டிக்கப்படப்போகிறது என்று ஏமாற்றுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். போன் அடித்து ஓயட்டும் என்று நான் விட்டால், மச்சாள் குசினியிலிருந்து ஓடி வருவார். “எடு பிள்ளை, எடு! ஆரெண்டு தெரியாமல் எப்பிடி விடுறது?” ஒரு மாதம் போவதற்குள் நானும் எல்லா அழைப்பையும் எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் எடுத்த கணத்தில், எதிர்முனையில் ஆள் பேசத் தொடங்க முதல், எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்கே என் மேல் எரிச்சலாக இருக்கும்.

மெல்பேர்ணைவிட்டு மேற்கே போகப்போக நிலம் தட்டையாகிக்கொண்டே போனது. அங்கங்கே தனித்தனியாகச் சிறு குன்றுகள். வயல்களுக்கு நடுவே கறுப்புக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், சீமெந்து எதுவும் இல்லாமல். கிரெக் வாகனத்தை நிறுத்தி ஒரு கல்லை எடுத்து மச்சாளின் கையில் வைத்தார். ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரித் துளை துளையாக இருந்தது. நெருப்புக் குழம்பாக ஓடி வந்து இறுகிய கல் என்று விளக்கினார். பிறகு கொலாக் என்ற ஊருக்கு அருகே ஒரு மேட்டில் ஏறி நின்று, சுற்றிவரக் கண்ணுக்குத் தெரிகிற பள்ளம், மேடு, ஏரி எல்லாமே ஒரு காலத்தில் வெடித்த வாய்கள் என்று கையைச் சுழற்றிக் காட்டினார். காற்று காதை அறுத்தது. மச்சாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே பார்த்தார். பச்சைப் பசேல் என்ற சரிவு, அதில் செம்மறி ஆடுகள்.

“இதுவோ எரிமலை? ஆடெல்லோ மேயுது!” என்றார்.

நானும் ஆரணியும் வாய்விட்டுச் சிரித்தோம். கிரெக் என்ன என்று கேட்டு, ஆரணி மொழிபெயர்த்ததும் அவரும் சிரித்தார். புகையும் நெருப்பும் எதிர்பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஏமாந்து போகிறார்கள் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பார்க்க இவ்வளவு சாதுவாகக் கிடக்கிற நிலத்தை நான் நம்புவதில்லை. எங்கள் பாடசாலை மைதானத்திலும் இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். புல் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது.

மதியச் சாப்பாடு ஒரு எரிமலை வாயில் தேங்கிய ஏரியின் கரையில். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஏரிகள், நடுவில் ஒரு மெல்லிய நிலப்பாலம். ஒன்றின் நீர்மட்டம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. எங்களைத் தவிர ஒரு மனிதர் இல்லை. கிரெக் குளிர்பெட்டியைத் திறந்து நாலு சாப்பாட்டுப் பெட்டிகளை மேசையில் வைத்தார். மரக்கறிச் சாப்பாடு வேண்டும் என்று ஆரணி சொல்லியிருந்ததால், இங்கே எல்லாக் கடையிலும் விற்கிற யப்பானியச் சாப்பாடு வாங்கி வந்திருந்தார். சோற்றைப் பிடித்து உருட்டி, மேலே கறுப்பு எள் தூவியிருந்தது. மச்சாள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “எள்ளோ?” என்று கேட்டார். “ஓம் மச்சாள், எள்ளுத்தான். நல்ல ருசி,” என்றேன். அவர் மூடியை மூடி மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளிவைத்தார். தனக்குப் பசிக்கவில்லை என்று எழுந்து போய், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாகனத்தில் சாய்ந்து நின்றார். கிரெக்கின் முகம் வாடிவிட்டது. “அவருக்குக் குளிர்ந்த சோறு சாப்பிட்டுப் பழக்கமில்லை,” என்று சமாதானம் சொன்னேன். நானே அதை நம்பித்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு டவர் ஹில். ஒரு பெரிய எரிமலை வாய்க்குள்ளேயே பாதை இறங்கிப் போகிறது. உள்ளே சிறு குன்றுகள், நாணல் வளர்ந்த நீர்நிலை, மரங்களுக்கிடையே தன் பாட்டில் நடந்து திரிகிற ஈமுப் பறவைகள். கிரெக் இங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்த மலை வெடித்தபோது இங்கே ஆதிக்குடிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், அதற்குச் சான்று இருக்கிறது என்றார். அருகில் எங்கோ நிலத்தைத் தோண்டியபோது, எரிமலைச் சாம்பல் படிவுக்குக் கீழே ஒரு கற்கோடாலி கிடைத்ததாம். சாம்பல் வந்து விழ முதல் யாரோ அதைக் கையில் வைத்திருந்திருக்கிறார்கள். நான் மச்சாளுக்குச் சொன்னேன். காலையிலிருந்து எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மச்சாள் நின்றுவிட்டார்.

“கோடாலியைக் கண்டெடுத்தவை. ஆளைத் தேடினவையோ? கேள்.”

எனக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆரணி கேட்டுவிட்டாள். கிரெக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் யாரும் கிடைக்கவில்லை என்றார். பிறகு மச்சாளை நேராகப் பார்த்து, “அவன் கோடாலியைப் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஓடித் தப்பியிருப்பான் என்றுதான் நான் நினைக்கிறேன்,” என்றார். ஆரணி அதைத் தமிழில் சொன்னதும் மச்சாளின் முகம் இளகியது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். “நல்ல மனிசன்,” என்றார் என்னிடம்.

அங்கிருந்து வார்னம்பூல் என்ற கடலோர நகரம் கூப்பிடு தூரம். பிற்பகல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஸ்பா என்று ஆரணி சொன்ன இடத்தின் வரவேற்பு மண்டபத்தில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. கிரெக் எங்கள் பின்னாலேயே ஒரு பையைத் தூக்கிவந்து, சுருட்டி வைத்த வெள்ளைத் துவாய்களை எடுத்து வாங்கில் வரிசையாக வைத்தார். நாலு துவாய். தான் வாகனத்தில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மச்சாள் கண்ணாடிக்கு மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். கருங்கல் பதித்த தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றிலிருந்தும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சூட்டின் அளவு எழுதிய பலகை. ஆட்கள் ஒரு தொட்டியிலிருந்து எழும்பி அடுத்ததற்குள் இறங்கினார்கள். “நிலத்துக்கடியில இருந்து நேரா வாற சுடுதண்ணி மாமி! உங்கட முழங்காலுக்கு நல்லது!” என்று ஆரணி குதூகலமாகச் சொன்னாள்.

மச்சாள் திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஐயர் எங்க?”

“எந்த ஐயர் மச்சாள்?”

“நாலாவது ஆள். உள்ளுக்கு நிக்கிறாரோ?” குரல் உயரவே இல்லை. “மாத்துடுப்புக் கொண்டுவரச் சொன்னியள். எள்ளும் சோறும் உருட்டித் தண்ணிக் கரையில வைச்சுத் தந்தியள். வேற சனம் ஒருத்தரும் இல்லாமல் தனி வான் பிடிச்சியள். வெள்ளைத் துவாய். இப்ப வெந்நீர்க் கிணறு. ஊரில கொம்மா அழுது கேட்டும் மாட்டனெண்டு நிண்டனான். அதுக்காக என்னைப் பிளேனில ஏத்தி இவ்வளவு தூரம் கொண்டுவந்து செய்விக்கப் பாத்தியள், என்ன?”

திருகோணமலை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு அருகே கன்னியா என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்வதற்காக நிலத்தில் ஏழு இடத்தில் குத்தி எடுத்த நீர் என்று கதை. சுற்றுலா வருகிறவர்கள் அங்கே கூத்தும் கும்மாளமுமாகக் குளித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டார் கன்னியாவுக்குப் போவதென்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான். வீட்டில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போவோம். ஐயர் கிரியை செய்வார். எள்ளும் சோறும் வைத்து முடிந்ததும், ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளித் தலையில் வார்த்து முழுகிவிட்டு, மாற்றுடுப்பு உடுத்து வீட்டுக்கு வருவோம். அதோடு அந்த உயிர் எங்களைவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அப்பாவுக்கு அங்கேதான் செய்தோம். அண்ணாவுக்குச் செய்ய அம்மா ஆசைப்பட்டதும் அங்கேதான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் சொன்னதை ஒவ்வொன்றாக யோசித்தேன். ஒன்றுகூடப் பிழையில்லை. ஒரு அப்புக்காத்து வந்து வழக்கைக் கட்டியிருந்தால்கூட இதைவிட இறுக்கமாகக் கட்டியிருக்க முடியாது. காலையிலிருந்து அந்த மனுசி இதைத்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏரிக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “சத்தியமா இல்லை மச்சாள், பிள்ளைக்கு இது ஒண்டும் தெரியாது, எனக்கே இஞ்ச வரும்வரைக்கும் தெரியாது,” என்று தடுமாறினேன். ஆரணி என்ன நடக்கிறது என்று விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் ஆங்கிலமும் தமிழுமாகக் கன்னியாவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐ ஜஸ்ட் வோன்டட் ஹெர் டு பி வோர்ம், அம்மா,” என்று அழத் தொடங்கினாள். மாமி குளிரில்லாமல் கதகதப்பாக இருக்கட்டும் என்று மட்டும்தான் நினைத்தாளாம். மச்சாள் அவளைக் கிட்ட இழுத்துத் தோளில் தட்டிக்கொடுத்தார். “நீ அழாத குஞ்சு. உனக்குத் தெரியாது. எனக்கு விளங்குது.” தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு ரஞ்சி. இண்டைக்கு ஒண்டையும் மறைக்காமல் சொல்லு. உங்கண்ணர் இல்லையெண்டோ நீ நினைக்கிறாய்?”

ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் ‘சின்னக் குத்துத்தான்’ என்று சொல்கிறவள் நான். அந்தத் தொழில் வாய் அன்று எனக்கு உதவிக்கு வரவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். இவ்வளவு காலமும் சொன்னதுதானே. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்திலிருந்து மற்றவர்கள் திரும்பி வந்த அந்த மாலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்ட ஒன்றை நான் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளையிடம்கூடச் சொன்னதில்லை.

“ஓம் மச்சாள்,” என்றேன்.

அவர் அழுவார், அல்லது என்னை வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எங்கோ ஒரு கணக்குச் சரிவந்த மாதிரி.

“அப்ப நீ போய் முழுகு.”

“மச்சாள்...”

“நீ கூடப்பிறந்தனி. உனக்கு அவர் இல்லையெண்டால் நீ முழுகத்தான் வேணும். இவ்வளவு காலமும் முழுகாமல் திரிஞ்சிருக்கிறாய். அது கூடாது. எனக்கு அவர் இருக்கிறார். நான் கரையில இருக்கிறன். போ.”

அதில் கோபம் இல்லை. அதுதான் என்னை உடைத்துப்போட்டது. நான் உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே போனேன். குளிர் காற்றில் நடுங்கிக்கொண்டு முதல் தொட்டிக்குள் இறங்கினேன். எனக்குப் பக்கத்தில் ஒரு இளஞ்சோடி காதோடு காதாகக் கதைத்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு முதியவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுவதுமாக உள்ளே அமிழ்ந்தேன். எழும்பிக் கண்ணைத் துடைத்தபோது, சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் தொட்டியின் விளிம்பில் குனிந்து நின்றாள். மிக மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, தலையை நீருக்குள் விட வேண்டாம், சுகாதார விதி என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். அதில் ஒரு தலையின் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. கழுத்துவரைக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாள். “முதல் தடவையா?” என்றும் கேட்டாள். “ஓம்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவள் என்ன விளங்கிக்கொண்டாளோ, “என்ஜோய்” என்றுவிட்டுப் போய்விட்டாள்.

தலை நனையாமல் என்ன முழுக்கு? எங்கள் ஆட்களுக்குத் தலைதான் கணக்கு. கழுத்துவரை நனைந்தால் அது வெறும் குளிப்பு. நான் இரண்டு கையாலும் நீரை அள்ளித் தலையில் விட்டேன். கைக்குள் நின்றதைவிட வழிந்ததுதான் கூட. அண்ணா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அண்ணாவின் முகம் வரவில்லை. கைதான் வந்தது. ஐஸ் தொழிற்சாலையில் இருந்து வரும்போது மரத்தூளில் பொதிந்து ஒரு துண்டு ஐஸ்கட்டியைச் சைக்கிளில் கொண்டுவருவார். அதை உடைத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு சில்லை என் சட்டைக்குள் போட்டுவிட்டு ஓடுவார். எந்த வெயிலிலும் அவருடைய கை குளிர்ந்திருக்கும். சுடுதண்ணீருக்குள் இருந்த எனக்குக் கழுத்துக்குப் பின்னால் அந்தக் குளிர் அப்படியே பட்டது. நான் சத்தம் வராமல் அழுதேன். ஆவி கிளம்பிக்கொண்டிருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

“இந்தா.”

நிமிர்ந்து பார்த்தேன். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக மச்சாள் தொட்டியின் விளிம்பில் நின்றார். வரவேற்பு மண்டபத்தில் தண்ணீர் குடிக்க வைத்திருந்த பிளாஸ்ரிக் கோப்பை ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“கையால அள்ளினால் தலை நனையாது. இதால வாரு.”

வார்த்தேன். மூன்று தரம் வார்த்ததும், “காணும், அடுத்ததுக்குப் போ,” என்றார். நான் எழும்பி அடுத்த தொட்டிக்குப் போக, அவரும் கரையால் நடந்து வந்தார். நான் உள்ளே, அவர் வெளியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒரு தொட்டியில் சூடு அதிகமென்று நான் தயங்க, “அது அப்பிடித்தான் இருக்கும், இறங்கு,” என்று அதட்டினார். கன்னியாவிலும் ஒரு கிணறு அப்படித்தான். பெரியவர்கள் பின்னால் நின்று அதட்டித்தான் வார்க்க வைப்பார்கள். கடைசித் தொட்டியில் வார்த்து முடித்து எழும்பியபோது, என் துவாய் எங்கேயோ நனைந்து கிடந்தது. மச்சாள் உள்ளே போய் அந்த நாலாவது துவாயை எடுத்துவந்து என் தலையை அழுத்தித் துவட்டினார். துவட்டி முடிந்ததும் தன் பொட்டை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஆரணி முன்னால் கிரெக்கின் பக்கத்தில் இருந்தாள். மச்சாள் என் பக்கத்தில் வந்து இருந்தார். காலையிலிருந்து கையில் வைத்திருந்த பையை எதிர் இருக்கையில் வைத்துவிட்டு, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உடம்பு பஞ்சாய்ப் போயிருந்தது. இவ்வளவு காலம் சுமந்த ஒன்றை இறக்கியாயிற்று என்ற நிம்மதியும், அதை ஒரு அந்நியத் தொட்டியில் சனங்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்க இறக்கினேனே என்ற வெட்கமும் ஒன்றாக இருந்தன. கன்னியாவில் முழுகியிருந்தால் ஊரே கூட நின்று அழுதிருக்கும். இங்கே என் துக்கத்துக்குச் சாட்சி, அதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஒரு ஆள். கொலாக் வெளிச்சங்கள் தெரியத் தொடங்கியபோது மச்சாள் என் பக்கம் சாய்ந்தார்.

“ரஞ்சி. அவர் வந்தால் நீ முழுகினதைச் சொல்லிப்போடாத.”

“சொல்லமாட்டன் மச்சாள்.”

“கோவிக்கமாட்டார். ஆனா மனம் நோவார்.”

விசா முடிந்து மச்சாள் போய்விட்டார். வீட்டைப் பூட்டிப்போட்டு இவ்வளவு நாள் நின்றதே பெரிய பிழை என்று கடைசி வாரம் முழுக்கப் புலம்பினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறோம். அண்ணாவைப் பற்றி நாங்கள் பழையபடிதான் பேசுகிறோம். அவர் இருக்கிறார், அவருக்கு இது பிடிக்கும், அவருக்கு அது பிடிக்காது. முன்பு அப்படிச் சொல்லும்போது பொய் சொல்கிறேன் என்று உறுத்தும். இப்போது அந்த உறுத்தல் இல்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரியாத இலக்கத்து அழைப்புகளை இன்னமும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் மச்சாள் சொன்னார்: “அவரின்ரை பிறந்த நட்சத்திரம் வருது. உங்க முருகனிட்ட அவரின்ரை பேருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிடு.” வேலை முடிந்து நேரே மேய்ஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர்கள் பிள்ளைகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை, வேலை, வீடு. என் முறை வந்தது. ஐயர் தமிழ்நாட்டுக்காரர், இளைஞர்.

“பேரு, நட்சத்திரம் சொல்லுங்க அன்ரி.”

“சிவபாலன்,” என்றேன். “உத்தராடம்.” தட்டை நீட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஈரத் தலையோடு வாகனத்தில் இருந்தது, பிளாஸ்ரிக் கோப்பை, எல்லாம் ஒன்றாக வந்தன. ஐயர் தட்டைக் கையில் வாங்கியபடி என் முகத்தைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“இருக்கறவருக்கா, அன்ரி? இல்ல மோட்ச அர்ச்சனையா?”

பின்னால் வரிசை நீண்டிருந்தது.

“இருக்கிறவருக்கு, ஐயா,” என்றேன். “ஊரில இருக்கிறார்.”